இடைவேளையில் பக்கம் மாறுகிறவர்கள்

1959 ஜனவரி 10ஆம் திகதி நான் பிறந்திருக்கவில்லை. அப்பாவுக்கே அப்போது கல்யாணமாகவில்லை. ஆனாலும் அன்று தென் லண்டனில், உறைந்து கல்லாய்க் கிடந்த ஒரு மைதானத்தில், பந்து எந்த இடத்தில் தப்பாகத் துள்ளியது என்று என்னால் விரலால் சுட்டிக் காட்ட முடியும். எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். அவர் அதை எத்தனை முறை காட்டினார் என்று எண்ணி முடியாது.

நான் 1991இல் தென் லண்டனில் உள்ள ரூட்டிங்குக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வீட்டின் மேல்மாடியில் ஐந்து பேர். ஒருவர் எழும்ப மற்றவர் படுக்கிற மாதிரி வேலை நேரம். எனக்கு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. சனிக்கிழமை காலையில் வந்து படுத்தால் மத்தியானத்தோடு நித்திரை கலைந்துவிடும். பிறகு செய்வதற்கு ஒன்றும் இராது. வாசற்படியில் குந்தியிருந்து தெருவைப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர் சனிக்கிழமைகளில் சரியாக இரண்டு மணிக்குக் கதவைத் திறப்பார். கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட கழுத்துத் துணி, கையில் சுருட்டிய பத்திரிகை. இரண்டு மூன்று கிழமை தலையாட்டலோடு போனது. நாலாவது கிழமை நின்று கேட்டார்: "உதைபந்து பார்ப்பாயா?"

யாழ்ப்பாணத்து இளவாலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பக்கத்தில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கால் தேடுவது பந்தைத்தான். எங்களுடையது சைவக் குடும்பம், ஆனால் பந்து என்று வந்துவிட்டால் ஊரில் எல்லோரும் கத்தோலிக்கக் கல்லூரியான சென் ஹென்றிஸ் பக்கம்தான். மைதானத்தைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்து, அதன் பாரில் ஏறி நின்று பார்ப்போம். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ் என்று அணி வருகிற நாளில் மரக்கிளையிலும் இடம் கிடைக்காது. கோட்டுக்கு வெளியே நிற்கிற பெரியவர்கள் உள்ளே ஓடுகிறவனின் அப்பன் பேரைச் சொல்லித் திட்டுவார்கள். அவனும் ஓடிக்கொண்டே பதில் சொல்வான்.

"பார்ப்பேன்" என்றேன். "அப்ப வா" என்றார். அறையிலிருந்த அண்ணையிடம் சொல்லிவிட்டு ஜக்கெற்றை எடுக்கப் போனேன். "உனக்கென்ன விசரே? அந்தக் கிழவனோட எங்க போறாய்?" என்றார். வேலைக்கு முந்தி வந்துவிடுவேன் என்றேன்.

அன்று நான் நினைத்துப் போனது தொலைக்காட்சியில் காட்டுகிற மாதிரி ஒரு இடத்தை. கிழவர் கூட்டிப்போனது சாண்டி லேன் என்கிற தெருவில், வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய மைதானத்துக்கு. ரூட்டிங் அன்ட் மிச்சம் யுனைற்றட்டின் வீடு. 1932இல் இரண்டு கழகங்கள் ஒன்றாகி உருவான கழகம். உள்ளே போக உடலை ஒடுக்கித் தள்ள வேண்டிய இரும்புச் சுழல் கதவு. அதற்குள் இருந்தவர் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, கிழவரிடம் முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தார். பின்னால் வரிசை இருந்தால் அவசரப்படுவார். வரிசை இல்லை.

இங்கே நொன்-லீக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கும் அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளுமாக 92 கழகங்கள். அவற்றுக்கு வெளியே இருக்கிற எல்லாமே நொன்-லீக். அதற்குள்ளேயும் படிப்படியாகப் பல தட்டுகள். ரூட்டிங் விளையாடியது இஸ்துமியன் லீக்கில். அதை அப்போது யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, காசு கொடுத்த சப்பாத்துக் கொம்பனியின் பெயரில் டயடோரா லீக் என்பார்கள். கிழவர் மட்டும் கடைசிவரை இஸ்துமியன் என்றுதான் சொன்னார். 1987 வரை நொன்-லீக்கில் முதலாவதாக வந்தாலும் அந்த 92க்குள் போக உத்தரவாதம் கிடையாது. மேலே இருக்கிற கழகங்கள் வாக்குப் போட்டு இடம் தர வேண்டும். சாதிச் சங்கம் மாதிரி என்று எனக்குத் தோன்றியது. கிழவரிடம் அதை விளக்க என்னிடம் ஆங்கிலம் போதவில்லை.

சரி, அந்த முதல் நாள். நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். இடுப்பளவு கம்பி. அதற்கு அந்தப் பக்கம் ஓர் எட்டில் கோடு. பந்தை உதைக்கிற சத்தம் தொலைக்காட்சியில் கேட்கிறது போல இல்லை, நெஞ்சில் கையால் அறைகிற மாதிரி இருந்தது. ஒரு வீரன் விழுந்து எழும்பும்போது விட்ட மூச்சு கேட்டது. மத்தியஸ்தர் ஒருவனைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "இன்னொரு தடவை என்னிடம் அப்படிக் கதைத்தால் குளிக்கப் போக வேண்டிவரும்" என்றது கேட்டது. அந்த நாட்டில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் ஆங்கில உரையாடல்களில் அது ஒன்று.

இடைவேளைக்கு விசில் ஊதினதும் கிழவர் நடக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போகிறாராக்கும் என்று நானும் பின்னால் போனேன். பார்த்தால் எங்களோடு நின்ற எல்லோரும் நடக்கிறார்கள். மைதானத்தைப் பாதி சுற்றி மறுமுனைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார்கள். எதிரே, வெளியூரிலிருந்து வந்த இருபது முப்பது பேர் எங்களைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள். அணிகள் பக்கம் மாறுகின்றன அல்லவா, அதனால் தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ அதன் பின்னால் ஆட்களும் மாறுகிறார்கள். பெரிய மைதானங்களில் இரு தரப்பையும் பொலிஸ் போட்டுப் பிரித்து வைத்திருக்கிற நாட்டில், இங்கே இவர்கள் வழியில் சந்தித்து, "உங்கட நாலாம் நம்பர் நல்லாய் விளையாடுறான்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். திருவிழாவில் இரண்டு ஊர்க்காரர் வீதியில் எதிர்ப்படுகிற மாதிரி.

இந்தப் பக்கம் மாறுகிற நடையில்தான் கிழவர் கதை சொல்வார். பதினைந்து நிமிட இடைவேளையில் நடைக்கு மூன்று நிமிடம், தேநீர்க் கொட்டிலில் ஐந்து, மிச்சம் முழுக்க 1959.

கதை இதுதான். எஃப்.ஏ. கிண்ணத்தில் பெரிய கழகங்கள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வரும். அந்த வருடம் ரூட்டிங் அதுவரை வந்துவிட்டது. சாண்டி லேனுக்கு வந்தது முதலாம் பிரிவில் இருந்த நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட். இடைவேளையில் ரூட்டிங் 2க்கு 0 என்று முன்னால். நிலம் உறைந்து சக்கரத் தடங்கள் கல்வெட்டு மாதிரி நின்றன என்பார் கிழவர். இரண்டாம் பாதியில் ரூட்டிங் வீரர் ஒருவர் தன் கோல் காப்பாளருக்குப் பந்தைத் திருப்பி அனுப்பினார். பந்து ஒரு மேட்டில் பட்டு விலகித் துள்ளி உள்ளே போய்விட்டது. அப்புறம் ஒரு தண்ட உதை. 2க்கு 2. மறு ஆட்டத்தில் ஃபொரஸ்ட் 3க்கு 0 என்று வென்றது. அந்த வருடம் கிண்ணத்தையும் அதுவே தூக்கியது.

"அங்க" என்பார். விரல் நீளும். தண்ட உதைப் பெட்டிக்குக் கொஞ்சம் உள்ளே, இடது பக்கம். புல் முளைத்து, வெட்டி, மறுபடி முளைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட இடம். விரல் ஒரு நாளும் ஓர் அடி தள்ளிப் போனதில்லை. அந்தத் துள்ளல் மட்டும் இல்லாதிருந்தால் என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். "அங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பார்.

தேநீர்க் கொட்டில் பற்றி ஒரு வாக்குமூலம். முதல் குளிர்காலத்தில் கிழவர் எனக்கு அங்கே போவ்ரில் என்று ஒன்று வாங்கித் தந்தார். கறுப்பாக, உப்பாக, கொதிக்கக் கொதிக்க. என்னவென்று கேட்டேன். சூப் என்றார். ஆறு மாதம் குடித்தேன். அது மாட்டிறைச்சிச் சாறு என்று ஒரு நாள் போத்தலைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்போதெல்லாம் நான் சனிக்கிழமை முற்பகலில் விம்பிள்டன் எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்விட்டு நேரே மட்சுக்குப் போகிறவன். நெற்றியில் விபூதி, கையில் போவ்ரில். பிள்ளையார் மன்னித்திருப்பார். மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும், பார்ப்போம்.

பெரிய மட்சுகளில் மைதானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று மதுபானம் குடிக்கக் கூடாதென்று 1985இலிருந்து சட்டம். எங்கள் தட்டுக்கு அந்தச் சட்டம் இறங்கி வரவில்லை. அதனால் இரண்டாம் பாதியில் கம்பியில் வரிசையாக பியர்க் குவளைகள் இருக்கும். பந்து வெளியே வந்து ஒரு குவளையைத் தட்டிவிட்டால் கோல் விழுந்ததைவிடப் பெரிய சத்தம் எழும்பும்.

கோல் காப்பாளர்கள் பாவம். கோலுக்குப் பின்னால் நிற்கிறவன் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில் விழும். எதிரணிக் காப்பாளர் ஒருவர், தன் அணி ஒரு கோல் முன்னால் இருக்கும்போது, திரும்பி, "எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கிழவரைக் கேட்டார். இருந்தது ஐந்து நிமிடம். கிழவர் மணிக்கூட்டைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "இருபது" என்றார். அந்த மனிதரின் தோள் தொங்கிப்போனதை நான் கண்ணால் கண்டேன். கோல் விழவில்லை, தோற்றோம். ஆட்டம் முடிந்து போகும்போது காப்பாளர் கம்பி வரை வந்து கிழவரைப் பார்த்துச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விளையாடுகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். எங்கள் இடது பின்கள வீரன் ஒருவன் குழாய் வேலை செய்கிறவன். ஞாயிறு விடியப்புறம் நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனுக்கு வானைக் கொண்டுவந்து டீசல் அடித்தான். முன்தினம் அவன் பந்தைப் பிடித்து வைத்திருந்ததால் ஒரு கோல் போனது. காசை வாங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை: "நேற்று அதை முன்னுக்குக் குடுத்திருக்கலாம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீயா அந்தக் கிழவரோட நிக்கிறவன்?" என்றான். ஓம் என்றேன். "ரசீது தா" என்றான். அதற்கடுத்த சனிக்கிழமை கோட்டோரம் பந்து எறிய வந்தவன் என்னைக் கண்டு, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டே, "முன்னுக்கா?" என்றான். லண்டனில் அதுவரை, முதலாளியையும் அலுவலகக் கவுண்டர்களையும் தவிர, யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

எல்லாம் இப்படி இனிப்பாகவே இருந்தது என்று சொல்ல வரவில்லை. வெளியூர் மைதானம் ஒன்றில், ஊரைச் சொல்லத் தேவையில்லை, ஒருவன் என் நிறத்தைச் சொல்லிக் கத்தினான். நூறு பேர் உள்ள இடத்தில் கத்துகிறவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஒரு வேறுபாடு. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தேநீர் விற்ற அம்மா கொட்டிலை விட்டு இறங்கி வந்து அவனை வெளியே போகச் சொன்னார். போனான். அந்த மௌனத்தைத்தான் நான் பிறகு நெடுநாள் யோசித்தேன், அந்தச் சொல்லை அல்ல. கிழவர் திரும்பி வரும் பஸ்ஸில் 1959 சொல்லவில்லை.

2002. அந்த வருடம் சாண்டி லேன் போய்விட்டது. நிலம் வீடு கட்டக் கைமாறி, ரூட்டிங் அன்ட் மிச்சம் பிஷப்ஸ்ஃபோர்ட் வீதியில் இம்பீரியல் ஃபீல்ட்ஸ் என்கிற புது மைதானத்துக்குப் போனது. 1950களில் 17,500 பேர் ஒரே நாளில் நெருங்கி நின்று கிண்ண ஆட்டம் பார்த்த இடம் சாண்டி லேன். புது இடம் துப்புரவாக இருந்தது. கழிவறையில் சுடுதண்ணீர் வந்தது. கிழவர் முதல் நாள் இடைவேளையில் வழக்கம்போல நடந்தார், மறுமுனைக்குப் போய் நின்றார், விரலைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார்.

அதே வருடம் மே 28இல் பக்கத்து ஊர்க் கழகத்துக்கு நடந்ததை உதைபந்து தெரிந்தவர்கள் அறிவார்கள். விம்பிள்டன் கழகம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தள்ளி மில்ரன் கீன்ஸுக்குப் போகலாம் என்று மூவர் ஆணைக்குழு சொல்லிவிட்டது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அவர்கள் அறிக்கையில் இருந்தது. கிழவர் அதைப் பத்திரிகையில் எனக்கு வாசித்துக் காட்டினார். அவருக்கு விம்பிள்டனைப் பிடிக்கவே பிடிக்காது. பழைய நாட்களில் ஒரே லீக்கில் இருந்த பகை. 1975இல் நொன்-லீக் விம்பிள்டன், சம்பியன் அணியான லீட்ஸின் மைதானத்தில் கோல் விடாமல் சமன் செய்தபோது, தண்ட உதையைப் பிடித்த கோல் காப்பாளர் டிக்கி கை (Dickie Guy) என்பவரைப் பற்றிக் கேட்டால், "அவன் எங்கட பொடியன், ரூட்டிங்கிலிருந்து போனவன்" என்று மட்டும் சொல்வார். 1988இல் அவர்கள் லிவர்பூலைத் தோற்கடித்துக் கிண்ணம் எடுத்ததைப் பற்றி அவர் வாயால் நான் ஒரு சொல் கேட்டதில்லை.

ஆனால் ஜூலை 10 பின்னேரம் கதவைத் தட்டினார். கோடைகாலம், கழுத்தில் கறுப்பு வெள்ளைத் துணி. "சட்டனுக்குப் போறம்" என்றார். விம்பிள்டன் ரசிகர்கள் ஆறு கிழமைக்குள் ஒரு கழகத்தை உண்டாக்கிவிட்டார்கள். ஏஎஃப்சி விம்பிள்டன். ஆட்கள் வேண்டுமென்று அறிவித்து, ஜூன் 29இல் விம்பிள்டன் பொதுவெளிப் புல்லில் ஆட்டக்காரர்களைப் பரீட்சை வைத்துப் பொறுக்கினார்கள். அவர்களின் முதல் ஆட்டம் சட்டன் யுனைற்றட்டின் காண்டர் கிறீன் லேனில்.

அங்கே போனால் வரிசை தெருமுனையைத் தாண்டி நிற்கிறது. நொன்-லீக் மைதானத்துக்கு வெளியே அப்படி ஒரு வரிசையை நான் கண்டதே இல்லை. உள்ளே வர ஆள் தீராமல் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. 4,657 பேர். புதுக் கழகம் 4க்கு 0 என்று தோற்றது. தோற்கிற அணிக்கு இவ்வளவு பாட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டக்காரர்களின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது, சட்டை நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினார்கள். கிழவர் பாடவில்லை. கை இரண்டையும் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றார். "பிடிக்காத கழகம் என்றால் அது தோற்க வேண்டும். இல்லாமல் போகக் கூடாது" என்றார். பக்கத்தில் நின்ற விம்பிள்டன்காரர் ஒருவர் அவர் கழுத்துத் துணியின் நிறத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு பியர் வாங்கி வந்து கொடுத்தார்.

அந்தக் கழகம் ஒன்பதாம் தட்டில் தொடங்கியது. 2003 பெப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியில்லாமல் போனது. ஒன்பது பருவத்தில் ஐந்து தடவை ஏறி, 2011இல் லூட்டனைத் தண்ட உதையில் வென்று லீக்குக்குள் வந்தது. 2020 நவம்பரில் விம்பிள்டனின் பழைய இடமான பிளவ் லேனுக்கே திரும்பியது. இவை எல்லாம் எங்கும் கிடைக்கிற விபரங்கள், விரைவாகச் சொல்லிவிட்டேன். இடையில் அவர்கள் குடியிருந்த கிங்ஸ்மெடோவில் பிறகு செல்சி மகளிர் அணி விளையாடத் தொடங்கியது. என் மகள் அங்கே போகிறவள். ஆயிரக்கணக்கில் சனம், நல்ல ஆட்டம். நானும் இரண்டு முறை போனேன். இருக்கை இலக்கம் தந்து இருத்திவிட்டார்கள். இடைவேளையில் கால் தானாக எழும்பியது. "எங்க அப்பா போறியள்?" என்றாள். "ஒரு இடமும் இல்லை" என்று இருந்துவிட்டேன்.

கிழவர் 2007இல் காலமானார். அவரின் மகன் வந்து கழுத்துத் துணி வேண்டுமா என்று கேட்டார். அது அவரோடேயே போகட்டும் என்றேன்.

அதற்கடுத்த மாரியில் ஒரு சனிக்கிழமை. ராத்திரி முழுக்க மழை. இம்பீரியல் ஃபீல்ட்ஸ் வாசலில் ஒரு பலகை, மார்க்கர் பேனையால் எழுதி: மட்ச் இல்லை, மைதானத்தில் வெள்ளம். அந்தக் காலத்தில் புறப்படுவதற்கு முன் அறிந்துகொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை. என்னைப் போல ஆறேழு பேர் வந்து நின்றார்கள். எதிரணி ஊரிலிருந்து ரயில் எடுத்து வந்த ஒரு தகப்பனும் மகனும் அதில் இருந்தார்கள். பையனுக்குப் பத்து வயதிருக்கும், முகம் விழுந்துபோயிருந்தது. காவலுக்கு நின்றவர் மனமிரங்கி, சரி, உள்ளே வந்து ஒரு தேநீராவது குடியுங்கள் என்று கதவைத் திறந்தார்.

குவளையோடு கம்பியடியில் நின்றோம். தண்ட உதைப் பெட்டிக்குள் குளம். இரண்டு கடற்பறவைகள் அதில் இறங்கி நடந்தன. "எங்கட கோல்கீப்பரை விட நல்லாய் நிக்குதுகள்" என்றார் ஒருவர். பையன் கொஞ்சம் சிரித்தான். எனக்கு வாய் திறந்துவிட்டது. 1959இல், நிலம் உறைந்து கிடந்த ஒரு நாளில், 2க்கு 0 முன்னால் நின்றோம் என்று தொடங்கினேன். நின்றோம் என்றுதான் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பந்து மேட்டில் பட்டு விலகியது என்கிற இடம் வந்ததும் கை தானாக உயர்ந்தது.

"இந்த இடத்திலயா?" என்றான் அவன், குளத்தைப் பார்த்து.

"இங்க இல்லை" என்றேன். திரும்பி, வாசலுக்கு வெளியே, வீதிக்கும் கூரைகளுக்கும் அப்பால், சாண்டி லேன் இருந்த திசையை மட்டுக்கட்டி விரலை நீட்டினேன்.

"அங்க."